நாணயத்துக்கு முன்பே கடன் இருந்தது

பள்ளிப் பாடத்தில் பொருளாதாரத்தின் வரலாறு ஓர் ஏணி போல வரும். முதல் படியில் பண்டமாற்று. அது சிரமமாக இருந்ததால் நாணயம், நாணயம் கனத்ததால் காகிதம், காகிதமும் பழசானதும் அட்டையும் கைபேசியும். படிக்கச் சுலபம்தான், ஆனால் வரிசை பிசகியிருக்கிறது. கடனும் கணக்கும் நாணயத்தைவிட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை. முழுக்க முழுக்கப் பண்டமாற்றில் வாழ்ந்த சமூகம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று மானுடவியலாளர் கரோலின் ஹம்ஃப்ரி 1985-ல் எழுதினார். பண்டமாற்று நடக்காமல் இல்லை. மறுபடி பார்ப்போமா என்று தெரியாத அந்நியரிடமும், நாணயம் தட்டுப்பாடான காலங்களிலும் நடந்தது. கூட்டத்துக்குள்ளே வேறு கணக்கு. இன்று வேட்டை வாய்த்தவர் எல்லோருக்கும் பங்கு வைப்பார், நாளை அவர் வெறுங்கையோடு திரும்பினால் மற்றவர் பங்கு வரும். ஏடு தேவையில்லை, ஞாபகமே ஏடு.

ஞாபகம் கொஞ்சம் பேருக்குத்தான் தாங்கும். சில நூறு பேரைத் தாண்டினால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது குழம்பிவிடும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளின் தொடர்ச்சியாகவே பொருளாதார வரலாற்றை நான் பார்க்கிறேன். ஒவ்வொரு வழியும் வாக்குறுதியை இன்னும் தொலைவுக்கு, இன்னும் நெடிய காலத்துக்கு, இன்னும் முகம் தெரியாதவரிடம் கொண்டுபோனது. ஒவ்வொன்றும் உடைந்த இடமும் ஏறக்குறைய ஒன்றே: எழுதுகோல் யார் கையில் இருந்ததோ அவர், கையிருப்பைவிட அதிகமாக எழுதினார்.

மேற்கு ஆசியாவில் கி.மு. 8000 வாக்கிலேயே விரல் நுனி அளவுக் களிமண் காய்கள் கிடைக்கின்றன. கூம்பு, உருண்டை, வட்டு என்று வடிவம் மாறும், வடிவத்துக்கு ஏற்பப் பண்டமும் அளவும் மாறும். கி.மு. நான்காம் ஆயிரமாண்டில் இந்தக் காய்களை உள்ளே கூடான களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை உருட்டினார்கள். இதில் ஒரு சிக்கல். உள்ளே எத்தனை காய் என்று பார்க்க உருண்டையை உடைக்க வேண்டும், உடைத்தால் சாட்சி போச்சு. அதனால் மூடும் முன் அதே காய்களை ஈரக் களிமண்ணின் வெளிப்புறத்தில் அழுத்திப் பதித்தார்கள். வெளியே தடம் இருக்கும்போது உள்ளே காய் எதற்கு என்ற கேள்வி எழ வெகுகாலம் ஆகவில்லை. உருண்டை தட்டையாகி வில்லையானது. உருக் நகரில் கி.மு. 3300 வாக்கில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து வில்லைகளில் பெரும்பாலானவை பார்லி, ஆடு, பீர், வேலையாட்களின் படி ஆகியவற்றின் கணக்குகள். எழுத்து என்ற மகத்தான கருவியை உண்டாக்கியவர் கவிஞரோ அரசரோ இல்லை, கிடங்குக் கணக்கர்.

மெசபடோமியாவில் மதிப்பின் அலகு வெள்ளி. ஒரு ஷெக்கல் சுமார் 8.3 கிராம். 60 ஷெக்கல் ஒரு மினா, அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ. 60 மினா ஒரு டாலண்ட், சுமார் 30 கிலோ. கி.மு. 21-ஆம் நூற்றாண்டில் ‘ஊர்’ (Ur) என்ற நகரத்தின் அரசில் ஒரு ஷெக்கல் வெள்ளியை ஒரு குர் பார்லிக்கு, அதாவது ஏறத்தாழ 300 லிட்டருக்குச் சமமாக ஏட்டில் வைத்துக்கொண்டார்கள். இதனால் வெள்ளியைக் கண்ணால் பார்க்காதவர்கூட வெள்ளியில் கடன்பட முடிந்தது. கணக்கு வெள்ளியில், செலுத்துவது பார்லியிலோ கம்பளியிலோ உழைப்பிலோ.

கடன் வில்லை செய்யும் முறை நேர்த்தியானது. அசல், வட்டி, கெடு, சாட்சிகளின் பெயர் எல்லாவற்றையும் ஈர வில்லையில் எழுதுவார்கள். அதன்மேல் மெல்லிய களிமண் உறை போர்த்தி, அதே வாசகத்தை உறையின் மேலும் எழுதி, முத்திரை பதிப்பார்கள். வெளியே யாராவது எண்ணைத் திருத்தினால் உறையை உடைத்து உள்ளே இருப்பதோடு ஒப்பிடலாம். கடன் அடைந்ததும் வில்லையை உடைத்துவிடுவார்கள்.

பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் சட்டத்தில் வெள்ளிக் கடனுக்கு வட்டி 20 சதவீதம், பார்லிக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு. அறுவடைக்கு முன்பு பார்லி அரிதாக இருக்கும்போது வாங்கி, மலிவாக இருக்கும் அறுவடையின்போது திருப்புவதால் தானியத்துக்கு வட்டி கூடுதல். ஆனால் விளைச்சல் பொய்த்தால்? வட்டியும் அசலோடு சேர்ந்தால் 300 லிட்டர் முதல் தவணையில் 400, அடுத்ததில் 533, மூன்றாவதில் 711. எந்த நிலமும் அந்த வேகத்தில் விளையாது. அடுத்து மனைவியையோ பிள்ளையையோ கடன் கொடுத்தவர் வீட்டு வேலைக்கு அனுப்ப வேண்டியதுதான். அதே சட்டம் இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் வைத்தது. வெள்ளமோ வறட்சியோ பயிரை அழித்தால் அந்த ஆண்டு வட்டி கிடையாது, வில்லையை நனைத்துத் திருத்திக்கொள்ளலாம். கடனுக்காக அனுப்பப்பட்டவர் மூன்று ஆண்டு உழைத்தால் நான்காம் ஆண்டு விடுதலை.

அதுவும் போதவில்லை. பாபிலோனிய அரசர்கள் அவ்வப்போது கடன்களையே ரத்து செய்தார்கள். கி.மு. 1646 வாக்கில் அம்மிசதூகா வெளியிட்ட ஆணை நமக்கு நன்றாகக் கிடைத்திருக்கிறது. அதில் வயிற்றுப்பாட்டுக்கு வாங்கிய கடன் ரத்து, வணிகக் கூட்டில் போட்ட முதல் ரத்தாகாது. வட்டிக் கடனை விற்பனைப் பத்திரம்போல எழுதி ஏமாற்றுபவருக்குத் தண்டனையும் உண்டு. இதைக் கருணை என்று மட்டும் படிக்கக் கூடாது. குடியானவன் அடிமையாகிவிட்டால் வரி யார் கட்டுவது, படைக்கு யார் வருவது என்ற கவலை அரசனுக்கு. ஆனாலும் பசிக்கு வாங்கிய கடனையும் லாபத்துக்கு வாங்கிய கடனையும் பிரித்துப் பார்த்த அந்தத் தெளிவு எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. பிற்காலச் சட்டங்கள் பலவற்றில் அது மங்கிப்போனது.

இனி நாணயம். தமிழில் இந்தச் சொல்லுக்குக் காசு என்றும் பொருள், சொன்ன சொல் தவறாமை என்றும் பொருள். இன்றைய துருக்கியில் இருந்த லிடியா நாட்டில் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் நடந்ததை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பக்டோலஸ் ஆற்றில் கிடைத்தது எலக்ட்ரம், தங்கமும் வெள்ளியும் இயற்கையாகக் கலந்த உலோகம். கலவை இடத்துக்கு இடம் மாறும், கண்ணால் பார்த்துத் தங்கம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் உரைகல்லோடு உட்கார வேண்டும். அரச முத்திரை அந்த வேலையை மிச்சமாக்கியது. இயற்கை எலக்ட்ரத்தில் தங்கம் 70 சதவீதத்தை ஒட்டி இருக்க, லிடியக் காசுகளில் அது சுமார் 55 தான். வெள்ளி வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. ஆகவே நாணயம் பிறக்கும்போதே உலோக மதிப்புக்கும் முகமதிப்புக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது.

கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுவில் லிடிய அரசன் குரோசஸ் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்துத் தனித்தனிக் காசு அடித்தான். பிரிக்கும் முறை இது: கலவையை மெல்லிய தகடாக அடித்து, உப்போடு அடுக்கி, மண் கலத்தில் வைத்து மூடி, உலோகம் உருகாத சூட்டில் நெடுநேரம் வைக்க வேண்டும். உப்பு வெள்ளியைக் குளோரைடாக்கி உரித்தெடுக்கும், தங்கம் நிற்கும். சூடு மீறித் தகடு உருகிவிட்டால் எல்லாம் வீண். லிடியத் தலைநகர் சார்டிஸின் அகழாய்வில் இந்தப் பட்டறை கிடைத்திருக்கிறது.

முத்திரைக்கு மதிப்பு வந்தபின் அதைச் சுரண்டும் ஆசையும் வரும். ரோமில் அகஸ்டஸ் காலத்தில் ஒரு ராத்தல் வெள்ளியில் 84 டெனாரியஸ் காசு. கி.பி. 64-ல் நீரோ அதே ராத்தலில் 96 அடித்தான். அதே வெள்ளி, 12 காசு கூடுதல், ஏறக்குறைய 14 சதவீத வரவு, புது வரி எதுவும் இல்லை. 215-ல் கரகல்லா ஒரு புதுக் காசு கொண்டுவந்தான். விலை இரண்டு டெனாரியஸ், உள்ளே இருந்த வெள்ளி ஒன்றரை டெனாரியஸ் அளவு. மக்கள் பழைய காசைப் பதுக்கினார்கள், புதியதைச் செலவழித்தார்கள், விலை ஏறியது, அரசுக்கு இன்னும் காசு வேண்டியிருந்தது, இன்னும் செம்பு கலந்தது. 270 வாக்கில் அது வெள்ளிப் பூச்சுப் போட்ட செம்பு. 301-ல் டயோக்ளீஷியன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்டங்களுக்கும் கூலிகளுக்கும் உச்சவிலை விதித்து, மீறினால் மரணம் என்றான். பண்டம் சந்தையிலிருந்து மறைந்ததுதான் பலன். விலையைப் பிடித்து நிறுத்தியவனால் காசைச் சரிசெய்ய முடியவில்லை. அதைக் கான்ஸ்டன்டைன் செய்தார்: ராத்தலுக்கு 72 என்று அடித்த தங்க சாலிடஸ், தலைக்குச் சுமார் 4.5 கிராம். பைசாண்டியப் பேரரசர்கள் பதினோராம் நூற்றாண்டு வரை அதைக் கலப்படம் செய்யாமல் காத்தார்கள். ஏழு நூற்றாண்டு! எந்தக் காகிதப் பணத்துக்கும் இன்னும் அந்த வயது வரவில்லை.

காசு போதாத இடத்தில் மரக்குச்சி வேலை செய்தது. இடைக்கால இங்கிலாந்தில் அரசுக் கருவூலம் குச்சியில் வெட்டு போட்டது. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்குப் பார்லி மணி அகலம். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து நீண்ட பாதியைக் கொடுத்தவரும் குட்டைப் பாதியை வாங்கியவரும் வைத்துக்கொள்வார்கள். மரத்தின் நரம்பு ஓட்டம் இரண்டு பாதியிலும் பொருந்த வேண்டும் என்பதால் கள்ளக் குச்சி செய்வது கடினம். நீண்ட பாதியின் பெயர் ஸ்டாக். பங்குச் சந்தை அந்தச் சொல்லை இன்றும் சுமக்கிறது. இம்முறை 1826-ல் முடிவுக்கு வந்தது. 1834 அக்டோபர் 16 அன்று பழைய குச்சிகளை நாடாளுமன்ற அடுப்புகளில் அளவுமீறிப் போட்டு எரித்ததில் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

இத்தாலிய வணிகர்கள் தொலைவு என்ற சிக்கலைத் தீர்த்தார்கள். ஃபுளோரன்ஸிலிருந்து லண்டனுக்குத் தங்கம் அனுப்பினால் கொள்ளை, கப்பல் சேதம், கூலி. மாற்றுச்சீட்டு இதற்கு நான்கு பேரைச் சேர்த்தது. ஃபுளோரன்ஸில் பணம் வைத்திருப்பவர் அங்குள்ள வங்கியரிடம் ஃபுளோரின் கொடுப்பார். வங்கியர் லண்டனிலுள்ள தம் முகவருக்குக் கடிதம் எழுதுவார்: இன்னாருக்கு இத்தனை ஸ்டெர்லிங் கொடு. வழக்கமான கெடு 90 நாள். பணம் நகரவில்லை, கடிதம்தான் நகர்ந்தது. வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்ன காலம் அது. வட்டி என்ற சொல்லே கடிதத்தில் வராது, மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். முகவர் ஏற்க மறுத்தால் நோட்டரி முன் மறுப்பைப் பதிவு செய்து, சீட்டைத் திருப்பி அனுப்பி, செலவோடு வசூலிக்கலாம். தனியாளுக்கு இது வலுவான ஏற்பாடு. அரசனுக்குச் செல்லாது. இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டுக்கும் கடன் கொடுத்திருந்த பெருஸி குடும்ப வங்கி 1343-லும் பார்டி வங்கி 1346-லும் சாய்ந்தன. கடன் வாங்கியவரிடம் படை இருந்தால் எந்த நோட்டரிக்கும் வேலையில்லை.

பல ஊர்க் கிளை, பல நாணயம், தவணையில் கிடக்கும் சீட்டு. இதையெல்லாம் ஒரே தலைக்குள் வைத்திருக்க இரட்டைப் பதிவு முறை வந்தது. ஃபரோல்ஃபி என்ற வணிக நிறுவனத்தின் 1299-1300 பேரேட்டில் அதைப் பார்க்கலாம். 1494-ல் வெனிஸில் லூகா பச்சோலி அச்சில் விளக்கினார். ஒவ்வொரு நிகழ்வும் ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு. இரண்டு பக்கக் கூட்டலும் சமமாக வர வேண்டும். வராவிட்டால் வித்தியாசத்தையே விசாரிக்கலாம். அது 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. அது 2-ஆல் வகுபட்டால், பாதித் தொகையைத் தேடுங்கள், ஒரு பதிவு தவறான பக்கத்தில் விழுந்திருக்கலாம். ஆனால் சில பிழைகள் இப்படி இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும் இருப்பாய்வில் அகப்படவே மாட்டா: பதிவே விடுபட்டது, தவறான ஆளின் கணக்கில் ஏறியது, இரண்டு பக்கமும் ஒரே தப்பான தொகை. சமமாக வந்துவிட்டது என்பதற்காகக் கணக்கு உண்மையாகிவிடாது.

காகிதப் பணம் சீனாவின் சிச்சுவானில் பிறந்ததற்குக் காரணம் இரும்புக் காசு. கனம் அதிகம், மதிப்புக் குறைவு. செங்டு வணிகர்கள் இரும்பை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். சிலர் கையிருப்பை வேறு தொழிலில் போட்டார்கள், கேட்டவருக்குக் கொடுக்க முடியவில்லை, வழக்குகள் பெருகின. 1023-ல் அரசு அலுவலகம் அமைத்து, மறு ஆண்டு தானே வெளியிட்டது. முதல் வெளியீடு 12,56,340 சரம் (கயிற்றில் கோத்த காசுதான் சரம்), கையிருப்பு 3,60,000 சரம். நூற்றுக்கு 29-க்குச் சற்றுக் குறைவு. சீட்டுக்குக் கெடுவும் உண்டு, கெடு முடிந்ததும் புதியதாக மாற்ற வேண்டும். இந்த இரண்டு கட்டுப்பாடும் இருந்தவரை அது நடந்தது. மங்கோலிய அரசு 1260-ல் வெள்ளியை ஈடாகச் சொல்லி வெளியிட்ட தாளை, அச்சடித்துத் தள்ளியபின் 1287-ல் ஐந்துக்கு ஒன்று என்று புதிய தாளுக்கு மாற்ற நேர்ந்தது. மிங் அரசு 1375-ல் உலோகமாக மாற்றித் தரும் உறுதியே இல்லாமல் தொடங்கியது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை.

ஐரோப்பா இதே பாடத்தைப் பின்னால் படித்தது. ஸ்வீடனில் செம்பே பணம். 1644-ல் அடித்த பத்து டாலர் (ஸ்வீடனின் அன்றைய பணம்) தகடு 19.7 கிலோ. ஸ்டாக்ஹோம் வங்கியின் ஜோஹன் பாம்ஸ்ட்ருக் 1661-ல் தாள் வெளியிட்டதும் மக்கள் விரும்பி வாங்கினார்கள். ஆனால் வங்கி எப்போது கேட்டாலும் தருவதாகச் சொன்ன பணத்தை நெடுங்காலக் கடனாகக் கொடுத்திருந்தது. எல்லோரும் சேர்ந்து கேட்டபோது செம்பு இல்லை. 1668-ல் நாடாளுமன்றம் அதை எடுத்து அமைத்ததே இன்றும் ஸ்வீடனின் மத்திய வங்கியாக இயங்கும் ரிக்ஸ்பேங்க். 1609-ல் தொடங்கிய ஆம்ஸ்டர்டாம் வங்கி எதிர்த் திசையில் போனது. தாள் இல்லை, கணக்குக்குக் கணக்கு மாற்றுவதுதான். 600 கில்டருக்கு மேற்பட்ட மாற்றுச்சீட்டுகள் அதன் வழியே தீர வேண்டும் என்பது நகரச் சட்டம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஐரோப்பாவின் நம்பிக்கை அதுதான். அதே வங்கி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ரகசியமாகக் கடன் கொடுத்திருந்தது 1790-களில் அம்பலமாகி, 1819-ல் மூடியது.

கணக்கேட்டின் கொடிய பக்கத்தைச் சொல்லாமல் இந்த வரலாற்றைக் கடப்பது நியாயமாகாது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பல் ஏற்றப்பட்டார்கள். 1781-ல் ஸோங் என்ற கப்பலில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளிவிட்டு, உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண்டு காப்பீடு கேட்டார்கள். நீதிமன்றத்தில் அது கொலை வழக்காக வரவில்லை, சரக்கு வழக்காக வந்தது. 1833-ல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தபோது ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடும் அடிமை உரிமையாளர்களுக்கே போனது. உழைத்தவர் பெயரில் அந்த ஏட்டில் வரவுப் பத்தியே இல்லை.

தொழிற்புரட்சியைப் பற்றி நீராவியிலிருந்து தொடங்குவது வழக்கம். நியூகமன் எந்திரம் 1712, வாட்டின் தனிக் குளிர்கலக் காப்புரிமை 1769. எந்திரம் வந்த கதை பலருக்கும் தெரியும், அதற்குப் பணம் கட்டிய விதம்தான் என் அக்கறை. ரயில் பாதைக்கு முதல் முழுக்க முன்னால் வேண்டும், வரவு பல ஆண்டு கழித்து. நிறுவனம் நொடித்தால் தன் வீடும் போய்விடும் என்றால் அறிமுகமில்லாதவர் பங்கு வாங்கத் தயங்குவார். 1855-ல் இங்கிலாந்து வரையறுத்த பொறுப்பைப் பொதுச் சட்டமாக்கியது: போட்ட பங்குத் தொகையோடு நட்டம் நிற்கும். தாண்டிய நட்டம் கடன் கொடுத்தவர் தலையில் விழும். கோடிக்கணக்கானோரின் சேமிப்பு ஆலைக்கும் பாதைக்கும் பாய இதுவே மடை திறந்தது.

பணத்தைத் தங்கத்தோடு கட்டிவைத்த தங்கத் திட்டத்தை நான் சுருக்கமாகவே சொல்வேன், அதற்குக் கிடைத்த புகழ் அதிகம். ஒரு பவுண்டுக்கு 7.32 கிராம் தங்கம், டாலருக்கு 1.50 கிராம், அதனால் ஒரு பவுண்டு 4.87 டாலர். விகிதம் அசையவில்லை, அசைந்தது வேலையும் கூலியும்தான். 1914-ல் போர் வந்ததும் அரசுகள் தாளுக்குத் தங்கம் தருவதை நிறுத்தின. ஜெர்மனி அச்சடித்த பாதையில் 1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க்குக்கு வந்து நின்றது. 1944-ல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் கூடிய 44 நாடுகளின் ஏற்பாட்டில் மற்ற நாணயங்கள் டாலரையும், டாலர் அவுன்ஸுக்கு 35 என்று தங்கத்தையும் பிடித்துக்கொண்டன. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்கா அந்தப் பிடியையும் விட்டது.

இன்றைய பணத்தின் பெரும்பகுதி வங்கி ஏட்டில் உள்ள எண். வங்கி ஒருவர் வைத்த பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கடன் தருகிறது என்று பொதுவாக நினைக்கிறோம். நடப்பது வேறு. 100 கடன் கொடுக்கும்போது வங்கி தன் சொத்துப் பக்கத்தில் கடன் 100 என்றும், பொறுப்புப் பக்கத்தில் கடன் வாங்கியவரின் வைப்பு 100 என்றும் எழுதுகிறது. அந்த நொடியில் புதுப் பணம் பிறக்கிறது, அசல் திரும்பும்போது மறைகிறது. வரம்பு வேறு இடத்தில் இருக்கிறது. அவர் அதை வேறு வங்கியில் இருப்பவருக்குக் கொடுத்தால், மத்திய வங்கியில் உள்ள கையிருப்பிலிருந்து 100 நகர வேண்டும். கடன் திரும்பாவிட்டால் நட்டம் பங்குதாரர் போட்ட மூலதனத்தைக் கடிக்கும். வங்கிகளுக்கான 1988-ன் சர்வதேச பாசல் விதி, ஆபத்தை எடைபோட்ட சொத்துக்கு 8 சதவீத முதல் கேட்டது ஏன் என்று இதிலிருந்து புரியும்: சொத்து 100, முதல் 8 என்றால், கடன்களில் பத்தில் ஒன்று முழுதாக மூழ்கினாலே முதல் காலி.

பணம் எண்ணாகிவிட்டதால் தொலைவும் நேரமும் மறைந்துவிட்டன என்று நம்புகிறவர்கள் 1974 ஜூன் 26-ஐப் பார்க்க வேண்டும். கொலோனில் இருந்த ஹெர்ஷ்டாட் வங்கியின் உரிமத்தை மாலையில் வேலை நாள் முடிந்ததும் ரத்து செய்தார்கள். அன்று பகலில் பல வங்கிகள் அதற்கு மார்க் செலுத்திவிட்டு, பதிலுக்கு நியூயார்க்கில் டாலர் வரக் காத்திருந்தன. நியூயார்க்கில் அப்போது காலை நேரம். ஒரு கை கொடுத்துவிட்டது, மறு கை நின்றுபோனது. இதற்கான மருந்து 2002-ல்தான் பெரிய அளவில் வந்தது. சி.எல்.எஸ். என்ற அமைப்பு இரண்டு நாணயங்களையும் தன் ஏட்டில் ஒரே நேரத்தில் தீர்க்கும், ஒன்று வராவிட்டால் மற்றதை விடுவிக்காது. அதில் இப்போது 18 நாணயங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே உள்ள நாணயங்களை வாங்கி விற்பவர்களில் பலர், இன்றும் ஒருவர் முதலில் செலுத்திவிட்டு மற்றவர் ஊரில் வங்கி திறக்கக் காத்திருக்கிறார்கள்.